வெள்ளைமண் மோர்

மோர்ச் சொம்பையும் பிஸ்கட் டின்னையும் என் முன்னால் வைத்துவிட்டு, பூங்கோதை இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். கல்யாணமான மறுநாளிலிருந்து அந்த நிற்பு எனக்குப் பழக்கம். அப்படி அவள் போய் ஜங்ஷனில் நின்றால் எக்ஸ்பிரஸ் ரயிலே தயங்கித் தயங்கித்தான் கடந்து போகும். டின்னின் மூடியைத் திறந்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள். உள்ளே வெள்ளை வெளேரென்று மண். கம்பெனியிலிருந்து ரிட்டயராகும்போது மாலையோடும் சால்வையோடும் நான் கொண்டுவந்த மண்.

"இதத்தான் அந்தப் பொண்ணுக்கு மோர்ல கலக்கிக் குடுத்தீங்களா?"

பாராட்டப் போகிறாள் என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். "பின்ன? நின்னுச்சா இல்லியா?"

"நின்னுச்சு. எல்லாமே நின்னுச்சு. சந்தோசமா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் கொலை செய்யப் போகிறவள் போலவும் இருந்தது, உள்ளுக்குள் எதையோ நினைத்துப் பூரித்துப் போனவள் போலவும் இருந்தது.

மண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பீங்கான் கம்பெனியில் மண் கழுவும் பிரிவில் இருந்தவன். சைனா களிமண் லாரி லாரியாக வரும். அதைத் தொட்டியில் கரைத்து, மணலை அடியில் தங்கவிட்டு, மேலே பால் மாதிரி நிற்கும் கரைசலை மட்டும் வடித்து உலர்த்துவோம். அந்தப் பொடியைக் கையில் அள்ளினால் கையில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவு நைஸ். சூளைப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்குச் சூட்டில் அடிக்கடி வயிறு கெட்டுப்போகும். ஒரு சிட்டிகை மண்ணை மோரில் கலக்கிக் குடிப்பது எங்கள் பிரிவு வைத்தியம். கலக்குவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஒருமுறை சென்னையிலிருந்து தணிக்கைக்கு வந்த அதிகாரி காலையில் கக்கூஸுக்குள் போனவர் மத்தியானம் வரை வெளியே வரவில்லை. கதவிடுக்கு வழியாக ஒரு டம்ளர் நீட்டினேன். குடித்தார், வந்தார், ஃபைலில் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு ஒரு மாசம் அவர் கக்கூஸ் இருக்கும் திசையையே திரும்பிப் பார்க்கவில்லை என்று கேள்வி. பதினைந்து நாள்தான் என்று என்னோடு வேலை பார்த்த காத்தவராயன் சொல்வான். அவனுக்கு எதையும் குறைத்துச் சொல்லித்தான் பழக்கம்.

இப்போது என் மருமகள் கயல்விழி. போலீஸ் வேலைக்கு எழுத்துப் பரீட்சை தேறிவிட்டாள். அடுத்தது ஓட்டம், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல். கடலூரில், டின் என் மூக்குக்கு நேராக வந்த நாளுக்கு மறுநாள் காலையில். இந்தமுறை விட்டால் வயசு தாண்டிவிடும், அப்புறம் அந்தக் காக்கிச் சட்டையைக் கடைக் கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும். அதனால் ஆறு மாசமாக விடியும் முன்பே காலேஜ் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். துணைக்கு நான் போவேன். அவள் ஓடுவதை நீங்கள் பார்க்க வேண்டும். முதல் சுற்றில் மைதானத்து நாய்கள் எழுந்து நின்று மரியாதை செய்யும். இரண்டாம் சுற்றில் ஒதுங்கி வழிவிடும். ஒருநாள் அவள் கிளப்பிய காற்றில் என் மேல்துண்டு பறந்துபோய் வேப்பமரத்து உச்சியில் மாட்டிக்கொண்டது. நம்பாதவர்களுக்கு இன்றைக்கும் மரத்தைக் காட்டுவேன்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் போன மாசம் வயிறு கெட்டது. காரணம் என் மகன் நந்தகுமார். லாரி ஓட்டுகிறவன். இங்கிருந்து பீங்கான் சாமான் ஏற்றிக்கொண்டு போய் வாரத்துக்கு ஒருமுறை வீடு திரும்புவான். அப்படி வந்தவன் பெண்டாட்டியை பைக்கில் உட்காரவைத்து வேப்பூருக்குக் கூட்டிப்போய், ரோட்டோரக் கடை ஒன்றில் பரோட்டாவும் என்னவென்று தெரியாத ஒரு குருமாவும் வாங்கிக் கொடுத்தான். அவன் வயிறு லாரி டயர், ஆணி குத்தினால்தான் உண்டு. இவளுக்கு அன்று ஆரம்பித்த வயிற்றுப்போக்கு அஞ்சாறு நாளாகியும் விடவில்லை. டாக்டரிடம் போனால் படுத்து ரெஸ்ட் எடு என்பார்கள், பயிற்சி கெட்டுவிடும், வரமாட்டேன் என்றாள். நான் சும்மா இருப்பேனா? டின்னை இறக்கினேன்.

எங்கள் வீட்டில் தினமும் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மாத்திரைப் பந்தி நடக்கும். வரிசையாக உட்காருவோம். எனக்கு பிரஷருக்கு ஒன்று, கேஸுக்கு ஒன்று. பூங்கோதைக்கு சுகருக்கு ஒன்று. கயலுக்கும் ஓர் அட்டை உண்டு. மூன்று வாரத்துக்கு வெள்ளை மாத்திரை, அடுத்த ஒரு வாரம் செங்கல் நிறத்தில். அது எதற்கு என்று நான் கேட்டதே இல்லை. கேட்காமலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளை வேகத்துக்கு, சிவப்பு ரத்தத்துக்கு. போலீஸுக்கு ஓடுகிற பிள்ளைகளுக்கு இப்போதெல்லாம் சர்க்காரே மாத்திரை கொடுக்கிறது என்று டீக்கடையில் நாலு பேருக்கு விளக்கியும் சொன்னேன். வயிறு கெட்டிருந்த நாட்களில் அவள் வெள்ளை மாத்திரையை வாயில் போட்டதும் தண்ணீரைத் தள்ளி வைத்துவிட்டு, "மோர்லயே முழுங்கிடு கயலு, ஒரே வேலையா முடிஞ்சிடும்" என்று சொம்பை நீட்டினேன். ஒரு சிட்டிகை போதும்தான். ஆனால் போலீஸ்காரி வயிறு ஆச்சே, இரண்டு கரண்டி போட்டிருந்தேன். போதாததற்கு என் கேஸ் மாத்திரையிலும் பங்கு கொடுத்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு குடித்தாள். நாலு ராத்திரி இந்த உபசாரம். வயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. எழுந்து ஓடினாள். ஜெயித்தது என் மண்தான் என்று மார்தட்டிக்கொண்டு இருந்தேன், டின் என் மூக்குக்கு நேராக வரும் வரை.

"அந்த வெள்ள மாத்திர வேகத்துக்குன்னு யாருங்க சொன்னா ஒங்களுக்கு?" என்றாள் பூங்கோதை. "கொழந்தய தள்ளிப் போடுறதுக்கு. போலீஸ் வேலை கெடைக்கிற வரைக்கும் வேணாம்னு மூணு பேரும் பேசித்தான் அவ போட்டுக்கிட்டு இருந்தா."

"எந்த மூணு பேரு?"

"நானு, அவ, ஒங்க புள்ள."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"சொல்லியிருந்தா மறுநாளே பஸ் ஸ்டாண்டு மைக்குல வந்திருக்கும்."

மைக்கில் நான் நன்றாகத்தான் பேசுவேன்.

விஷயம் இதுதான். சிவப்பு மாத்திரை ஓடும் வாரத்தில் மாசாமாசம் வர வேண்டியது இந்த மாசம் வரவில்லை. மாமியாரும் மருமகளும் என்னிடம் மார்க்கெட் என்று சொல்லிவிட்டு லேடி டாக்டரிடம் போய் வந்திருக்கிறார்கள். டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். கேஸ் மாத்திரையா, அதனால் ஒன்றும் இல்லை. வயிற்றுப்போக்கா, அத்தனை நாளா, அதுதான் கவலை, மாத்திரை உடம்பில் சேரும் முன்பே வெளியே போயிருக்கும். வேறு என்ன சாப்பிட்டாய் என்றதும் கயல் மோர் கதையைச் சொல்லியிருக்கிறாள். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம்.

"'மண்ணாம்மா? ஜாடி செய்யற மண்ணா?'ன்னு ரெண்டு தடவ கேட்டாங்க. எனக்குத் தலைய எங்க கொண்டுபோய் வெச்சிக்கிறதுன்னு தெரியல. மண்ணு வவுத்துல கெடக்குற மருந்தயெல்லாம் தங்கிட்ட இழுத்துக்குமாம். இந்த மாத்திரை போடுறவங்க வவுத்துக்கு எந்த மருந்து குடிக்கறதா இருந்தாலும் கேட்டுக்கிட்டு, ரெண்டு மூணு மணி நேரம் தள்ளித்தான் குடிக்கணுமாம். அதுவும் கம்பெனி மண்ண மனுசன் குடிப்பானா, அதுல என்னென்ன கலந்து கெடக்குமோன்னு கேக்குறாங்க."

"நான் கழுவுன மண்ணுல ஒரு தூசி..."

"வாய மூடுங்க."

மூடிக்கொண்டேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேனே, என் மண் ஒரு மாத்திரையைப் பிடித்து மடக்கி உட்காரவைத்துவிட்டது என்று கேட்டதும் ஒரு மூலையில் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த மூச்சில் தாத்தா என்ற சொல் காதுக்குள் டமாரம் அடித்தது. உட்கார முடியவில்லை. எழுந்தால் எங்கே போவது என்றும் தெரியவில்லை.

எங்கே போவது என்பதை பூங்கோதை தீர்மானித்து வைத்திருந்தாள். "டாக்டரு கார்டு வாங்கி விடிகாலைல பாக்கச் சொன்னாங்க. நம்மூரு மெடிக்கல்ல வாங்க முடியாது. கடைக்காரரு சம்சாரம் எனக்கு ஒண்ணுவுட்ட அக்கா. கயலுகூட ஓடுற பொண்ணுங்களும் அந்த வழியாத்தான் போவுதுங்க. மங்கலம்பேட்டைக்குப் போயி வாங்கியாங்க."

"நானா?"

"மண்ணு போட்டது யாரு?"

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான் காத்தவராயன். மங்கலம்பேட்டையில் அவன் தங்கச்சி வீடு. "எங்கடா இந்த வெயில்ல?" என்றான். ஆடு வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் ஆடு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என்ன விசேஷம் என்றான். குலதெய்வத்துக்கு என்றேன். எத்தனை ஆடு என்றான். ஒன்று என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். "ஏழு" என்றேன். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இறங்கும்போது கண்டக்டர், ஆட்டை எல்லாம் பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் பெருசு, இப்பவே சொல்லிட்டேன் என்றார்.

மெடிக்கல் கடையில் முக்காடு போட்ட ஒரு பெண் இருந்தாள். கூட்டம் இல்லை என்று பார்த்து நுழைந்தேன். நான் நுழைந்த மறுநிமிஷம் மங்கலம்பேட்டை மொத்தமும் தலைவலி மாத்திரை வாங்க வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றது. குனிந்து, குழந்தை இருக்கிறதா என்று பார்க்கிற கார்டு என்று கிசுகிசுத்தேன்.

"யாருக்குங்க?" என்றாள்.

"எனக்குத்தான்" என்று வந்துவிட்டது வாயில்.

அவள் சிரிக்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவளுக்குப் புண்ணியம் உண்டு. "மருமவளுக்கும்மா" என்று திருத்திக்கொண்டேன். பேப்பரில் சுற்றிக் கையில் கொடுத்து, "நல்ல சேதியா வரட்டுங்க ஐயா, நானும் துவா செய்யறேன்" என்றாள்.

சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். நாலடி நடந்த பிறகுதான் நல்ல சேதி எது என்று எனக்கே தெரியாதது உறைத்தது. திரும்பிப் போய் அவளிடம், கொஞ்சம் பொறும்மா, எதற்கு துவா செய்வது என்று நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை என்றா சொல்வது? திரும்பும் பஸ்ஸில் சட்டைப்பைக்குள் அந்தப் பொட்டலம் அடுப்புக்கரி மாதிரி சுட்டது. உளுந்தூர்பேட்டை ரோடு முடிவதற்குள் பிள்ளைக்கு ஆணென்றால் மூன்று பெயர், பெண்ணென்றால் ஒன்பது பெயர் வைத்துவிட்டேன். பிறந்த மூன்றாம் மாசமே அது எழுந்து நடந்தது. ஆறாம் மாசம் காலேஜ் மைதானத்தைச் சுற்றியது. நான் பின்னால் ஓடி மூச்சு வாங்கிக் கீழே விழுந்தேன். அது திரும்பி வந்து என்னைத் தூக்கிவிட்டது.

அப்படித் தூக்கிவிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் எழுத்துப் பரீட்சை முடிவு வந்த அன்றைய சாயங்காலம் ஞாபகம் வந்தது. போனில் நம்பரைப் பார்த்த கயல் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போனைச் சமையல் மேடையில் வைத்தாள், புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகினாள், தெருவில் இறங்கி ஓட ஆரம்பித்துவிட்டாள். தெருக்கோடி வரை ஓடி, திரும்பி, மறுபடி ஓடி. வீட்டில் ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று அக்கம்பக்கம் குடத்தோடு வந்துவிட்டார்கள். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. குடத்தோடுதான் வந்தார்கள். ஓடி முடித்து வந்தவள், "மாமா, என் பேரு இருக்குது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பஸ்ஸில் என் ஒன்பது பெயர்களும் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தன.

வீட்டுக்குப் போனபோது கயல் கிணற்றடியில் உட்கார்ந்து கேன்வாஸ் ஷூவைத் துலக்கிக்கொண்டிருந்தாள். பொட்டலத்தைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்தேன். கோபித்துக்கொள்வாள் என்று காத்திருந்தேன். ஷூவைத் திருப்பித் திருப்பித் தேய்த்தாள்.

"நீங்க குடுத்தீங்கன்னுதான் மாமா குடிச்சேன். பாதி கரைஞ்ச சிலேட்டுக் குச்சி மாதிரி இருந்துச்சு."

"நாலு நாளும் மூச்சு வுடாம குடிச்சியேம்மா."

"நீங்க எதிர்ல ஒக்காந்து மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. எப்புடி துப்புறது?" ஷூவைக் கவிழ்த்துவைத்தாள். "டாக்டரு ஓடலாம்னுதான் சொல்றாங்க. தெனம் ஓடுற ஒடம்பு, ஒண்ணும் ஆவாதுன்னு. ஆனா எனக்குத் தைரியம் இல்ல மாமா. ரெண்டு கோடு வந்துச்சின்னா வரமாட்டேன். நீளம் தாண்டுற எடத்துல எதுனா ஆயிடுச்சின்னா அப்புறம் வேலை கெடைச்சும் நான் என்னா பண்றது."

"வராதும்மா. ஒரு கோடுதான் வரும்."

"உங்களுக்கு எது வரணும்?"

"நீ ஓடணும். அதான்."

"பொய் சொல்றப்ப உங்க காது ஆடுது மாமா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஷூவை எடுத்தாள்.

இரண்டு கையாலும் காதைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தேன். வாசலில் பூங்கோதை யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆடுகளை எங்கே கட்டியிருக்கிறீர்கள், பதினோரு ஆடாமே என்று கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி வந்திருந்தாள். காத்தவராயன் வாழ்க்கையில் முதன்முறையாக ஒன்றைக் கூட்டிச் சொல்லியிருக்கிறான்.

விடிகாலையில் நந்தகுமார் லாரியோடு வந்துவிட்டான். கடலூர் வழியாகப் பாண்டிச்சேரிக்குச் சரக்கு, போகிற வழியில் எங்களையும் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. வந்தவனுக்கு விஷயத்தைப் பூங்கோதை வாசலிலேயே சொல்லிவிட்டாள். அவன் லாரி சாவியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டே நின்றான். அவ்வளவு பெரிய லாரியை வளைக்கிறவனுக்கு அந்தச் சாவியை என்ன செய்வது என்று தெரியவில்லை. கயல் குளியலறையிலிருந்து கார்டோடு வந்தாள். டிராக் பேண்ட் போட்டிருந்தாள். கார்டைச் சமையல் மேடையில் டியூப் லைட்டுக்கு நேராக வைத்தாள். நாலு தலையும் அதன்மேல் குனிந்தன.

ஒரு கோடு வந்தது. எங்கள் தெருக் கரும்புச்சாறு கடைக்காரன் நெற்றியில் இழுக்கிற குங்குமக் கோடு மாதிரி பளிச்சென்று சிவப்பாக வந்தது. இரண்டாவது கோடு வரவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றும் சொல்ல முடியாது. ஈரச்சுவரில் யாரோ விரலால் தடவிவிட்டுப் போனது போல ஏதோ இருந்தது.

"ஒண்ணுதான்" என்றாள் பூங்கோதை, கண்ணாடி போடாமல்.

"லைட்டு நெழலு" என்றான் நந்தகுமார்.

கயல் கார்டிலிருந்து நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். "மாமா, உங்களுக்கு எத்தன தெரியுது?"

ஏழு ஆடு வாங்கப் போன என்னிடம் கேட்கிறாள். மேல்துண்டை மரத்தில் மாட்டியவனிடம் கேட்கிறாள். பூங்கோதை என்னையே முறைத்தாள். ஒன்று என்று சொல்லிவிடலாம், அவள் லாரியில் ஏறிவிடுவாள். இரண்டு என்றால் ஷூவைக் கழற்றிவிடுவாள். நான் வாழ்நாளில் இவ்வளவு குட்டியான எண்களை வைத்துக்கொண்டு இவ்வளவு திண்டாடியதில்லை. கார்டைக் கையில் எடுத்து லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். சாய்த்துப் பார்த்தேன். ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். திரும்பி வந்து இருந்த இடத்திலேயே வைத்தேன்.

"ஒன்றரை" என்றேன்.

கயலின் உதடு கோணியது. அழப் போகிறாள் என்று நந்தகுமார் ஓர் அடி முன்னால் வந்தான். அவள் சிரித்துவிட்டாள். மேடையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பூங்கோதைக்கும் தொற்றிக்கொண்டது. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு கயல் நிமிர்ந்தாள், இரண்டு கையையும் தூக்கிக் கொண்டையை இறுக்கிக் கட்டினாள்.

"டாக்டரு ஓடலாம்னுட்டாங்க. நாளைக்கு ரத்தம் குடுத்துப் பாத்துக்கலாம். அந்த அரை ஆளும் கூட வந்தா வரட்டும்" என்றாள். "வண்டிய எடுங்க."

கடலூர் மைதானத்துக்குள் எங்களை விடவில்லை. ஆள் உயரத்துக்கு மேல் காம்பவுண்டுச் சுவர். கேட்டில் கயலை இறக்கிவிட்டு, நந்தகுமார் லாரியைச் சுவரை ஒட்டி நிறுத்தினான். சரக்கின் மேல் கட்டியிருந்த தார்ப்பாயில் முதலில் நான் ஏறினேன். அப்புறம் பூங்கோதை, அவன் கீழிருந்து தள்ள நான் மேலிருந்து இழுக்க, மூட்டுவலியைத் திட்டிக்கொண்டே ஏறிவிட்டாள். ஏறிய பிறகுதான் என்ன சரக்கு என்று கேட்டாள். வைக்கோல் வைத்துக் கட்டிய கக்கூஸ் பீங்கான் என்றான் அவன். அதற்குப் பிறகு அவள் காலைப் பார்த்துப் பார்த்து வைத்தாள். மேலே நின்றால் மைதானம் முழுக்கத் தெரிந்தது. கடல் தெரிந்தது. எனக்கு இலங்கைகூடத் தெரிந்தது.

பத்துப் பத்துப் பேராக விட்டார்கள். கயல் மூன்றாவது கூட்டத்தில் நின்றாள். மார்பிலிருந்து வயிறு வரை வெள்ளைத் துணியில் நம்பர் குத்தியிருந்தார்கள். விசில் ஊதியதும் பத்துப் பேரும் ஒரே புழுதியாகக் கிளம்பினார்கள். முதல் வளைவில் அவள் ஆறாவதாக இருந்தாள். பூங்கோதை என் கையைப் பிடித்திருந்தாள், நகம் உள்ளே இறங்கியது. எதிர்ப்பக்க நேர்ப்பாதையில் நாலாவது. நான் கத்தினேன் போலிருக்கிறது, ரோட்டில் போன ஒரு சைக்கிள்காரர் இறங்கி நின்றுவிட்டார். கடைசி வளைவில் திரும்பியபோது அவளுக்கு முன்னால் இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

"கையப் பாருங்க" என்றாள் பூங்கோதை.

"நம்பரு பின்னு கழண்டிருக்கும்மா" என்றான் நந்தகுமார் கீழிருந்து, லாரிக் கதவின் மேல் தொற்றிக்கொண்டு.

கயல் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தாள். வலது கை காற்றை வெட்டி வெட்டிப் பின்னால் தள்ளியது. இடது உள்ளங்கை வயிற்றின் மேல் இருந்த வெள்ளைத் துணியை அழுத்திப் பிடித்திருந்தது. அவள் அந்தக் கையை எடுக்கவே இல்லை. அப்படியே, ஒற்றைக் கையை வீசிக்கொண்டு, புழுதிக்கு முன்னால் வந்துகொண்டிருந்தாள்.